மணவாளன் சாருக்குத் தட்டுன கை

மணவாளன் சாருக்கு டிவியில பாராட்டு இசை விழா வெச்ச அன்னிக்கு, விழா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஜனங்க கைதட்டி முடிச்சிருக்கணும்; அதான் அங்க வழக்கம், மணவாளன் சாரோட ஞாயித்துக்கிழமை காமெடி கறுப்பு வெள்ளையில வந்த காலத்துலேருந்து அப்படித்தான். காலையில ஜனங்களக் கொண்டாந்து உக்கார வெச்சு, மேடையில ஒரு ஈ காக்கா இல்லாதப்பவே சிரிக்கச் சொல்லி சிரிப்ப எடுத்துக்குவாங்க, ஆச்சரியப்படச் சொல்லி வாயப் பொளக்கிறத எடுத்துக்குவாங்க, கைதட்டச் சொல்லி அதையும் எடுத்துக்குவாங்க, எடுத்து முடிச்சதும் கையில ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தக் குடுத்து வேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்க. சாயங்காலமா பெரிய மனுசங்கள்லாம் வந்து காலி நாற்காலிங்களப் பாத்துப் பேசி, பாடி, கும்பிட்டுட்டுப் போவாங்க. ரெண்டையும் ஒட்டிப் போட்டா வீட்டுல பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கடையில வாங்குன கொழம்ப நம்ம வீட்டுச் சட்டியில ஊத்தி வெச்சா விருந்தாளிக்குத் தெரியவா போவுது, அது மாதிரி.

அந்த ஜனங்களக் கூட்டிட்டு வர்ற வேலை புளியந்தோப்பு சுலோச்சனாவுக்கு. இட்லிக் கடைக்காரி, முடி வெட்டுறவரு, தையக்காரி, ரிட்டயர் ஆனவரு, வேலை தேடுறவன், மாமியாகிட்டேருந்து ஒரு பொழுது தப்பிச்சா போதும்னு வர்றவங்க, எல்லாரையும் சேத்துக் கூட்டியாந்து உக்கார வெச்சு, அவ மட்டும் கேமராவுக்குக் கீழ நின்னுக்குவா. அவ சிரிச்சா அவங்க சிரிக்கணும், அவ தட்டுனா அவங்க தட்டணும். ஸ்டுடியோ ஃப்ளோரப் பாத்துக்குற அல்போன்ஸு 'போதும்'னு சொல்ற வரைக்கும் ஒரு கையும் கீழ எறங்கக் கூடாது. ஒரு தடவை எவனோ நடுவுல மூக்கச் சொறிஞ்சான்னு மொத்தத்தையும் மறுபடி எடுத்தாங்க, பொட்டலத்துல இருந்த சோறு ஊசிப் போச்சு. அதுலேருந்து சுலோச்சனா கூட்டிட்டு வர்ற கூட்டம்னா, கூரை இடிஞ்சு விழுந்தாலும் 'போதும்'னு சொன்னாதான் கைய எடுக்கும்னு அந்த வட்டாரத்துல பேரு.

அன்னிக்கு சிரிப்பு முடிஞ்சு, ஆச்சரியம் முடிஞ்சு, கடைசியா எல்லாரும் எழுந்து நின்னு தட்டுற தட்டு. ஒரு ஆயுசுக்குத் தட்டுற தட்டு அது, நல்லா மனசாரத் தட்டுங்கன்னு அல்போன்ஸு கேட்டுக்கிட்டாரு. தட்டிக்கிட்டு இருக்கும்போதே அவரு சட்டைப் பையில ஃபோன் அதிர்ந்துச்சு. எடுத்துக் காதுல வெச்சாரு, மூஞ்சி வெளுத்துச்சு. ஒத்திகை பாக்க சீக்கிரமாவே வந்த மணவாளன் சாரோட காரு ஸ்டுடியோ கேட்டு வரைக்கும் வந்து, வாசல்லயே திரும்பி வீட்டுக்குப் போயிடுச்சாம். அல்போன்ஸு போட்டது போட்டபடி வெளிய ஓடுனாரு. உள்ள அவங்க தட்டிக்கிட்டே இருந்தாங்க. டீ வந்துச்சு, ஆறுச்சு, ஈ விழுந்துச்சு, தட்டிக்கிட்டே இருந்தாங்க. அல்போன்ஸு தொங்குன மூஞ்சியோட திரும்பி வந்து, "போதும்க்கா, நிறுத்துங்க, விழா இன்னிக்கு இல்ல"ன்னாரு.

சுலோச்சனா கைய எறக்கப் பாத்தா. எறங்கல. பின்னாடி திரும்பிப் பாத்தா, யாருக்கும் எறங்கல.

"இன்னாப்பா அல்போன்ஸு, கை கேக்க மாட்டேங்குது?"

"வேன் காத்துட்டு இருக்குக்கா. போற வழியில சரியாயிடும்."

போற வழியில சரியாகல. வேன்ல தட்டிக்கிட்டே ஏறி, தட்டிக்கிட்டே எறங்கி, அவங்கவங்க தெருவுக்கு அவங்கவங்க தட்டிக்கிட்டே போனாங்க. சுலோச்சனாவோட வீட்டுக்காரரு தட்சிணாமூர்த்தி, ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு, வாசல்ல நின்னு பாத்துட்டு, "நான் அப்படி என்னடி சாதிச்சுட்டேன்?"ன்னாரு. விசயத்தக் கேட்டதும் உள்ள போய் சோத்தப் பெசஞ்சு எடுத்துட்டு வந்து, "ஆ காட்டு"ன்னு ஊட்டி விட்டாரு. கல்யாணம் ஆகி இத்தினி வருசத்துல அவரு ஊட்டி விட்டது அதான் மொதத் தடவை. மீன்ல முள்ளு எடுக்கத் தெரியலன்னு அவ அப்பவே ஒரு குறை சொல்லி வெச்சா.

அப்புறம் அது பழகிப் போச்சு. எந்தக் கஷ்டமும் இந்த ஊருல பழகிப் போற மாதிரி அதுவும் பழகிப் போச்சு. தூங்கும்போது ரெண்டு கைக்கும் நடுவுல தலகாணிய வெச்சுக் கட்டிட்டா சத்தம் அமுங்கி, மழையில நனைஞ்ச மேளத்தத் தட்டுன மாதிரி பொத்துப் பொத்துன்னு கேக்கும். பஸ்ஸுல கண்டக்டருங்க டிக்கெட்ட மடிச்சு அவங்க வாயில சொருகிட்டு, முகத்துல ஒரு பெருமையோட அடுத்த சீட்டுக்குப் போனாங்க. பெரியாஸ்பத்திரி டாக்டரு எல்லாருடைய கையையும் டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு நோவு ஒண்ணும் இல்ல, நல்ல கைதான்னு சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. குடுத்துட்டு எழுந்து அவங்க முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு. அப்புறம் வெக்கப்பட்டு அடுத்த ஆளக் கூப்புட்டாரு.

அதப் பாத்து ஊரே கத்துக்குச்சு. குப்பை எடுக்குற பொம்பளைங்க காலையில வண்டிய ஓரமா விட்டுட்டு, கையுறையக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு, சுலோச்சனா வாசல்ல ஒரு நிமிசம் நிமிந்து நின்னுட்டுப் போனாங்க. லைசென்ஸ் எடுக்கப் போய் ஒவ்வொரு தடவையும் எட்டுப் போடும்போது கால ஊனிட்ட ஒருத்தன் தோத்த கையோட நேரா வந்து நின்னான். புருசனோட சண்டை போட்டுக் கோச்சுக்கிட்டுக் கெளம்புனவ ஒருத்தி, அந்த வாசல்ல பையோட நின்னு தட்டு வாங்கிட்டு, அந்தத் தெம்புலயே அம்மா வீட்டுக்குப் போகாம திரும்பிப் போய் சண்டைய முடிச்சா. வட்டச் செயலாளர் ஒருத்தரு மொத்தப் பேரையும் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு பேசுனப்பவும் தட்டுனாங்க, இருமுனப்பவும் தட்டுனாங்க, போன வாரம் செத்துப் போனவருக்கு எல்லாரும் எழுந்து மௌனமா நின்னப்பவும் தட்டுனாங்க. அதுக்கப்புறம் எந்தக் கட்சியும் அவங்களக் கூப்பிடல.

ஆனா கை கைதான். இட்லிக் கடைக்காரி தனபாக்கியத்தோட இடியாப்ப ஒரல்ல சிலந்தி வல பின்னிடுச்சு. ஆடி போய் ஆவணி வர்றதுக்குள்ள அவ உள்ளங்கை வெடிச்சு, தட்டும்போது ரத்தம் தெறிச்சுது. முடி வெட்டுற ஏகாம்பரத்தோட நெலமை அத விட மோசம். தட்டுற கையில கத்தியக் குடுத்துட்டு எவன் கழுத்த நீட்டுவான்? வழக்கமா வர்றவங்க ஒவ்வொருத்தரா எதுத்தாப்புல ஏசி போட்ட கடைக்குப் போயிட்டாங்க. அவரு தன் கடை வாசல்ல நின்னு, அந்தக் கடையிலேருந்து ஷேவ் பண்ணிட்டு வர்றவனுங்களுக்கெல்லாம் தட்டிக்கிட்டு இருந்தாரு.

ஒரு நாளு எல்லாரும் சுலோச்சனா வீட்டு முன்னாடி கூடிட்டாங்க.

"நீதான தட்டச் சொன்ன, நீயே நிறுத்து"ன்னா தனபாக்கியம். "எனக்குப் பொழப்பு போச்சுடி. இந்தக் கையி இப்படியே இருந்தா என்னைய எம் மருமவ ஊட்டி வளக்கப் போறாளா? அவ எனக்கு ஊட்டுறத நீ பாக்கணும். மூக்குல ஊட்டுறா."

"என் கையே நிக்கலியேக்கா, நான் எங்க நிறுத்துறது?"

"யாருக்குத் தட்டுனோமோ அந்த ஆளு வந்து வாங்கிக்கிட்டாதான் நிக்கும்"னாரு ஏகாம்பரம். "பார்சல் மாதிரி. ஆளு கையெழுத்துப் போடாத வரைக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

அது சரின்னுதான் சுலோச்சனாவுக்கும் பட்டுச்சு. தட்சிணாமூர்த்தியோட ஆட்டோவுலயே சுலோச்சனா, தனபாக்கியம், ஏகாம்பரம் மூணு பேரும் சாலிகிராமம் போனாங்க. மணவாளன் சார் வீட்டுல பெல் அடிக்க வேண்டிய அவசியம் இல்லாம போச்சு. தெருமுனையில வரும்போதே சத்தம் கேட்டு அவரு சம்சாரம் வத்சலாம்மா கதவத் தொறந்து வெச்சிருந்தாங்க.

உள்ள ஈசி சேர்ல, காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு, கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்க ஒருத்தரு உக்காந்திருந்தாரு. விளம்பரத்துல பாத்த மொகந்தான், ஆனா கரண்டு இல்லாத மாதிரி இருந்துச்சு.

"வாங்கம்மா. பஞ்சு வெச்சும் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. நீங்க புளியந்தோப்புல தட்டுனாலும் எனக்கு இங்க காதுகிட்ட கேக்குது. நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

சொல்லிட்டு, புருவத்தத் தூக்கி, கொஞ்சம் நிறுத்துனாரு. மூணு பேரும் தட்டிக்கிட்டே காத்திருந்தாங்க.

"ஒண்ணும் இல்ல, பேசுங்க"ன்னாங்க வத்சலாம்மா. "அவரு அப்படித்தான். ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் கைதட்டு ஒட்டுறதுக்கு எடம் விட்டு விட்டுப் பழகிட்டாரு. சாம்பார்ல உப்பு இல்லன்னு சொன்னாக்கூட இப்படித்தான் நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு என்ன செய்யணும்னே தெரியல."

"ஏன் சார் அன்னிக்கு வாசல்லயே திரும்பிட்டீங்க?"ன்னு கேட்டா சுலோச்சனா.

"கேட்டுகிட்ட கார் நின்னுச்சும்மா. என் படம் மூணு மாடி உசரத்துக்கு வெச்சிருந்தாங்க, அதுல எம் பல்லு ஒவ்வொண்ணும் எங்க வீட்டுக் கதவு அளவுக்கு இருந்துச்சு. உள்ளேருந்து கைதட்டுற சத்தம் வந்துச்சு. நான் இன்னும் எறங்கக்கூட இல்ல, அதுக்குள்ள எனக்குத் தட்டுறாங்க. அப்ப தோணுச்சு, அதான் முடிஞ்சு போச்சே, நான் வேற எதுக்குன்னு. டிரைவர வண்டியத் திருப்பச் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல. கோவம்லாம் இல்ல. அலுத்துப் போச்சு."

"இப்ப வாங்க சார். நீங்க வந்து ஒரு தடவை வாங்கிக்கிட்டா இது நின்னுடும். அவ கையப் பாருங்க." தனபாக்கியம் கைய நீட்ட முடியாம அப்படியே தட்டிக் காட்டுனா.

மணவாளன் சார் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. "எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. நீங்க இம்மாம் பெரிய தட்டு தட்டி வெச்சிருக்கீங்க. அதுக்குச் சரியா நான் என்னத்தச் செய்யுறது? எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டேன். பழைய ஜோக்கையே சொன்னா, கேட்டதுதானன்னு நீங்க நினைக்க மாட்டீங்களா?"

"நாங்க எங்க சார் கேட்டோம்?"னாரு ஏகாம்பரம்.

"என்னது?"

"உங்க ஜோக்கு ஒண்ணுகூட நாங்க கேட்டதில்ல சார். எங்கள காலையிலயே எடுத்துட்டு அனுப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை எனக்குக் கடையில கூட்டம். இந்தம்மாவுக்கு மாவு அரைக்கணும். சுலோ வூட்டுல டிவியே அவங்க புருசன் கிரிக்கெட்டு பாக்குறதுக்குத்தான். பதினஞ்சு இருவது வருசமா தட்டுறேன், நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவரு ஏகாம்பரத்தப் பாத்தாரு. வத்சலாம்மாவப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு, வாயத் தொறக்காம, தோளு ரெண்டும் குலுங்க; அந்தச் சிரிப்ப எந்தக் கேமராவுலயும் யாரும் எடுத்தது இல்ல.

"சரி, வர்றேன்"னாரு. "நல்லா இல்லன்னா என்னத் திட்டக் கூடாது."

"நல்லா இருந்தாலும் திட்டுவா இந்தத் தனபாக்கியம்"னாரு ஏகாம்பரம்.

அப்படித்தான் பாராட்டு விழாவ மறுபடி வெச்சாங்க. கைதட்டத் தனியா எடுத்து அனுப்ப முடியாதுங்கறதால மொதத் தடவையா ஜனங்களும் மேடையும் ஒரே நேரத்துல ஒரே எடத்துல இருந்தாங்க. அல்போன்ஸுக்கு அது ஒரு ஒழுங்கீனமாவே பட்டுச்சு, வேர்த்து வேர்த்து ஊத்துச்சு. மத்தியானம் ஆரம்பிச்சாங்க. வயலின்காரங்க, தபலாக்காரரு, கீபோர்டுக்காரரு எல்லாரும் வந்து உக்காந்து, கொஞ்ச நேரம் கைதட்டோட மல்லுக்கட்டிப் பாத்துட்டு, அப்புறம் அதையே தாளமா எடுத்துக்கிட்டாங்க. பாட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து, மணவாளன் சாரால நான் வளந்தேன், மணவாளன் சார் இல்லன்னா நான் இல்லன்னு சொல்லிட்டுப் பாடுனாங்க. சேனல்காரங்களுக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு இயல்பா ஒரு கூட்டம் தட்டி அவங்க பாத்ததே இல்ல.

அப்புறம் மணவாளன் சார் மைக்கப் புடிச்சாரு. கோட்டு போட்டு, மொகத்துல பவுடர் போட்டு, கரண்டு வந்துடுச்சு. தன் ஆயுசுல சேத்து வெச்ச அத்தனையும் எறக்குனாரு. ரேசன் கடைக்காரன் மாதிரி பேசுனாரு, கூட்ஸ் வண்டி கிராசிங் தாண்டுற மாதிரி சத்தம் குடுத்தாரு, கல்யாண வீட்டுல சாம்பார் வாளி தூக்குறவனும் மாப்பிள்ளையும் மாத்தி மாத்திப் பாடுற பாட்டப் பாடுனாரு. ஜனங்க வயித்தப் புடிச்சுக்க முடியாம கைதட்டிக்கிட்டே சிரிச்சாங்க. நெசமாவே சிரிச்சாங்க. இவ்வளவு நல்லா இருக்கும்னு அவங்க நினைக்கவே இல்ல. ஏகாம்பரத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆனா தட்டு நிக்கல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அவரு ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் எடம் விட்டாரு, அந்த எடத்துலயும் அதே தட்டு, எடம் விடாத எடத்துலயும் அதே தட்டு, கிணத்துல கல்லு போட்டுக்கிட்டே இருக்குற மாதிரி அவரு போட்டுக்கிட்டே இருந்தாரு.

தனபாக்கியத்தோட சேலை முன்னாடியெல்லாம் செவப்புப் பொட்டு பொட்டா ஆயிடுச்சு. அவரு மேலேருந்து அதப் பாத்துட்டாரு. பாத்துட்டு இன்னும் வேகமாச் செஞ்சாரு. ஒரு எடத்துல கொரலு கிழிஞ்சு, கூட்ஸ் வண்டி பாதி கிராசிங்லயே நின்னுடுச்சு. கீழேருந்து அல்போன்ஸு, "சார், அந்த மாமியார் ஐட்டம், மாமியார் ஐட்டம்"னு வாயசைச்சாரு.

"இல்லப்பா"ன்னாரு மணவாளன் சார் மைக்குலயே. "தீந்து போச்சு. இருந்தா குடுக்க மாட்டேனா? மன்னிச்சுக்குங்கம்மா, உங்க கைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மேடையில அவருக்குன்னு போட்டிருந்த சிம்மாசனத்துல போய் உக்காந்தாரு. பஸ்ஸுல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே வந்தவனுக்குக் கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடி சீட்டு கெடச்சா எப்படி உக்காருவான், அப்படி உக்காந்தாரு. இனிமே இந்தக் கையோடதான்னு சுலோச்சனா நினைச்சா. தட்சிணாமூர்த்தி வாழ்நாள் பூரா முள்ளோட மீன ஊட்டப் போறாருன்னு நினைச்சா.

விழாவுக்குன்னே அவரப் பத்தி எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒண்ணு பாக்கி இருந்துச்சு. பாடுற பொண்ணு வந்து நின்னு, மெதுவா ஆரம்பிச்சா. ஊரு தூங்க நீ சிரிச்ச, நீ தூங்க யாரு பாட, அப்படின்னு போற பாட்டு. எழுதுனவரு ஏதோ எதுகைக்குப் போட்டிருப்பாரு. மணவாளன் சார் கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒவ்வொரு வரிக்கும் எப்படி மொகத்த வெச்சுக்கணும்னு அவருக்குத் தெரியும், மொத ரெண்டு வரிக்கு அப்படியே வெச்சிருந்தாரு. மூணாவது வரியில புருவம் எறங்குச்சு. அப்புறம் வாயி. அப்புறம் தலை ஒரு பக்கமா சாஞ்சு, சிம்மாசனத்துல ஒட்டியிருந்த ஜிகினாவுல கன்னத்தச் சாச்சுக்கிச்சு. கோட்டுல குத்தியிருந்த சின்ன மைக்கு வழியா ஒரு சத்தம் ஹால் பூரா கேட்டுச்சு. யாருக்கும் மொதல்ல புரியல. கொறட்டை.

அல்போன்ஸு மேடைக்கு ஓடுனாரு. மணவாளன் சார் கண்கலங்குற ஷாட்டு இன்னும் பாக்கி, அது இல்லாம ஒரு பாராட்டு விழாவ எப்படி முடிக்கிறது? மொத வரிசையிலேருந்து வத்சலாம்மா எழுந்தாங்க. "தொடாதீங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

சுலோச்சனா கேமராவுக்குக் கீழ நின்னுக்கிட்டு எப்பவும் ஜனங்க பக்கம் பாத்துதான் பழக்கம். இப்பதான் மேடைப் பக்கம் திரும்பி நல்லாப் பாத்தா. வாயி கோணிக்கிட்டு, பவுடர்ல எச்சி வழிஞ்சு கோடு போட, வயசான ஒரு ஆம்பள, ஜுரம் விட்டதும் தூங்குற கொழந்த மாதிரி தூங்கிக்கிட்டு இருந்தாரு. எப்ப எழுந்துக்குவாரோன்னு அவளுக்குப் பதறுச்சு. அந்தப் பதட்டத்துல அவ கை சத்தம் போடாம தட்டப் பாத்துச்சு. விரலு மட்டும் தட்டுச்சு. அப்புறம் விரலும் ஒண்ண ஒண்ணு தேடிட்டுக் காணாம பக்கவாட்டுல தொங்கிடுச்சு. பின்னாடி தனபாக்கியம் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவ கை, தொட்டில் ஆட்டுறத நிறுத்தும்போது எப்படி நிக்குமோ அப்படி, கொஞ்சம் கொஞ்சமா, கொஞ்சம் கொஞ்சமா. ஏகாம்பரம். தையக்காரி. ரிட்டயர் ஆனவரு. முன் வரிசையிலேருந்து பின் வரிசைக்கு அது மழை விடுற மாதிரி விட்டுக்கிட்டே போச்சு. பாடுற பொண்ணு அடுத்த அடிய எடுக்கல. கீபோர்டுக்காரரு கட்டையிலேருந்து விரலத் தூக்கிட்டு, எங்க வெக்கிறதுன்னு தெரியாம அந்தரத்துல வெச்சிருந்தாரு. ஏசி ஓடுறதும், கொறட்டையும்.

யாரும் உக்காரல, நாற்காலி கிறீச்சுங்கும்னு பயம். யாரும் வெளிய போகல, செருப்புச் சத்தத்துக்குப் பயம். கைய எங்க வெச்சுக்குறதுன்னு தெரியாம நெஞ்சுலயும் இடுப்புலயும் வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டு, அந்தாளு மூச்சு ஏறி எறங்குறதையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அல்போன்ஸு மொழங்காலுல தவழ்ந்து சுலோச்சனாகிட்ட வந்து, காதுல, "ஹாலுக்கு நேரம் ஆகுதுக்கா, எழுப்பலாமா?"ன்னு கேட்டாரு.

சுலோச்சனா வலது கையத் தூக்குனா. கை தூக்குன எடத்துக்கு வந்துச்சு. ஒரு விரல ஒதட்டு மேல வெச்சா. அது அங்கயே இருந்துச்சு.